முகங்காட்டா நடிப்பு

மனிதனுடைய கருத்து உடலை விட்டு வெளியே செல்லும்போது காற்றையே வாகனமாகக் கொள்கின்றது. இதனை நன்குணர்ந்த தொல்காப்பியர், எழுத்ததிகாரத்திலே பிறப்பியல் என ஓர் இயலை வகுத்து, உந்தியினின்று எழுங் காற்றானது தலை, மிடறு, நெஞ்சு என்னும் மூன்றிடத்து நிலைபெற்றுப் பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என்னும் ஐந்துறுப்புக்களோடு பொருந்தி வெவ்வேறு எழுத்தொலிகளாய்ப் பிறக்குமாற்றை விளக்கினார். அவரே பொருளதிகாரத்து மெய்ப்பாட்டியலில் நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என மெய்ப்பாடுகளை எட்டாக வகுத்துள்ளார். முன்னையது ஒலி பிறக்குமாறு. பின்னையது உள்ளத்துணர்வு புறத்தே தோன்றுமாறு. இவ்விரண்டும் ஒருங்கே கூடுமிடத்துத் தோன்றுங் கலையே குரல்நடிப்பு. முகமும் கையும் ஒப்பனையும் காட்சியும் துணைநில்லாத இடத்து, எண்வகை மெய்ப்பாடுகளையும் ஒலியொன்றினாலேயே புலப்படுத்துதல் அதன் இலக்கணமாகும்.

ஆசிரியராகவோ, எழுதுவினைஞராகவோ, வங்கி உத்தியோகத்தராகவோ சீவனம் நடாத்தும் ஒருவர் ஓய்வு வேளையில் இக்கலையை உபதொழிலாகக் கொள்ளலாகுமா என்னும் வினா இக்காலத்துப் பலரிடத்தும் எழுகின்றது. ஒலிபரப்பு நிலையத்தின் வாயிலிற் காத்து நில்லாமல், வீட்டின் ஒரு மூலையிலிருந்தே குரலைப் பதிந்து கடல்கடந்த ஊருக்கும் அனுப்பும் வசதி இப்பொழுது உளதாதலின் அவ்வினா எழுவது இயல்பே. எனினும் இது குறித்து இரண்டு தவறான எண்ணங்கள் நிலவுகின்றன. இனிய குரல் வாய்த்தவர்க்கே இத்தொழில் ஆகும் என்பது ஒன்று. வேறு தொழிலில் இருப்பவர் இதிற் சிறக்கமாட்டார் என்பது மற்றொன்று. இவ்விரண்டும் பொருந்தாமையை இலங்கைத் தமிழ் வானொலி நாடகத்தின் வரலாறே காட்டும்.

வானொலி தோன்றுவதற்கு முன்னர், ஈழத்திலே, சிறப்பாக யாழ்ப்பாணத்திலே, குரலுக்குப் பயிற்சிக்களமாய் அமைந்தவை கோயில்களாகும். கந்தபுராண படனம் நிகழுமிடத்து ஒருவர் செய்யுளை வாசிக்க, மற்றொருவர் அதன் பயனை எடுத்துரைப்பர். வாசிப்பவர் சொற்களைப் பொருள்பட நிறுத்தி வாசியாவிடிற் பயன் சொல்பவர் இடர்ப்படுவர். பயன் சொல்பவர் சூரபன்மனுடைய செருக்கையும் வீரவாகுதேவருடைய நிமிர்வையும் குரலில் வேறுபடுத்திக் காட்டாவிடிற் கேட்போர் உறக்கத்துக்கு ஆளாவர். 1847 ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 31 ஆந் திகதி வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் ஆறுமுக நாவலர் தொடக்கிவைத்த பிரசங்கமும் இவ்வழியில் எண்ணத்தக்கது. பாடலைப் போலவே வசனத்தையும் சபையோர் செவிகொடுத்துக் கேட்கலாம் என்பதை அது நிலைநாட்டிற்று. படிப்போரும் பிரசங்கிப்போரும் குரலையே சீவனோபாயமாகக் கொண்டவரல்லர். குரற்பணி பிறிதொரு வாழ்க்கையின் அருகே வளர்ந்து வந்ததென்பது இங்குக் கருதற்பாலது.

இலங்கையிலே 1925 ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 16 ஆந் திகதி கொழும்பில் வானொலிச் சேவை முறையாக ஆரம்பமாயிற்று. 1949 இல் அது இலங்கை வானொலி என்னும் பெயர் பெற்றது. 1950 இல் வர்த்தக சேவை தொடங்கியது. 1967 இல் அந்நிலையம் கூட்டுத்தாபனமாயிற்று. மேனாட்டிலே, வானொலிக்கென்றே எழுதப்பட்ட நாடகங்களுள் முற்பட்டதாகக் கருதப்படுவது ரிச்சட் ஹியூஸ் இயற்றி 1924 ஜனவரி 15 இல் பி. பி. சி. நிலையம் ஒலிபரப்பிய சிறு நாடகமாகும். நிலக்கரிச் சுரங்கத்தினுள் விளக்குகள் அணைந்துவிட, அகப்பட்டுக்கொண்டோர் இருளில் உரையாடுவதாக அஃது அமைந்தது. கேட்போரும் காணார், கதைமாந்தருங் காணார். காட்சியின்மை என்னும் குறையையே கதைக்களமாக்கிக்கொண்ட அந்நாடகம், குரல்நடிப்பு மேடை நடிப்பின் குறைந்த வடிவமன்று, தனக்கென முறையுடைய வேறொரு கலை என்பதை உணர்த்திற்று.

அக்கலையைத் தமிழிலே இலங்கையில் வளர்த்தோர் யாவர் என நோக்கின், அவருட் பலர் வேறு தொழிலுடையோராதல் புலனாகும். 'இலங்கையர்கோன்' என்னும் புனைபெயர் கொண்ட த. சிவஞானசுந்தரம் (1915–1961) அரசாங்க சேவையிற் காரியாதிகாரியாய் இருந்தவர். கிராமத்து விதானைமார் காரியாதிகாரியின் கீழ்ப் பணிபுரிந்தோராதலின், அவருடைய பேச்சும் பெருமிதமும் தடுமாற்றமும் அவர் செவியில் நாடோறும் விழுந்திருக்கும். அவர் வானொலிக்கு எழுதிய தொடர் நாடகத்தின் பெயர் 'விதானையார் வீட்டில்'. அதில் விதானையாராகக் குரல்கொடுத்தவர், பின்னாளில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியராய் விளங்கிய கார்த்திகேசு சிவத்தம்பி. 1963 இல் விதானைமார் பதவி ஒழிக்கப்பட்டுக் கிராமசேவகர் பதவி ஏற்படுத்தப்பட்டது. ஓர் உத்தியோகம் மறைந்த பின்னும் அதன் பேச்சுத் தோரணை நாடகமொன்றில் நினைக்கப்படுகின்றதெனின், அலுவலகத்திற் பெற்ற அநுபவமே அதற்குக் காரணமாகும்.

சில்லையூர் செல்வராசன் எழுதிய 'தணியாத தாகம்' என்னும் தொடர், வானொலி கேட்ட குடும்பங்கள் பலவற்றின் நினைவில் நிலைத்தது. அதில் நடித்துப் பெயர்பெற்ற கே. எஸ். பாலச்சந்திரன் இறைவரித் திணைக்களத்திற் பணியாற்றியவர். எஸ். ராம்தாஸ் எழுதிய 'கோமாளிகளின் கும்மாளம்' என்னும் நகைச்சுவைத் தொடரோ இன்னும் நுணுகி நோக்கத்தக்கது. 1976 இல் அது 'கோமாளிகள்' என்னும் திரைப்படமாகவும் வெளிவந்தது. அதிலே மரிக்கார் என்னும் முஸ்லிம் பாத்திரத்தை ராம்தாஸும், உபாலி என்னும் சிங்களப் பாத்திரத்தை எஸ். செல்வசேகரனும், அப்புக்குட்டி என்னும் யாழ்ப்பாணத்தவரை ரி. ராஜகோபாலும், ஐயர் பாத்திரத்தைப் பி. எச். அப்துல் ஹமீதும் ஏற்றனர். மரிக்கார் முஸ்லிமல்லாதவர் வாயிலாகவும், ஐயர் முஸ்லிம் ஒருவர் வாயிலாகவும் பேசினர். மக்கள் அவர்களை மரிக்கார் ராம்தாஸ், அப்புக்குட்டி ராஜகோபால், உபாலி செல்வசேகரன் என்றே பின்னர் அழைக்கலாயினர். பிறப்பினாலும் மதத்தினாலும் தமக்கு அயலான ஒருவரது பேச்சை, இழிவு தோன்றாமல், அவரே கேட்டுச் சிரிக்கும் வண்ணம் எடுத்துக்காட்ட வேண்டுமாயின், அப்பேச்சைப் பலகாலும் அன்போடு கேட்டிருத்தல் வேண்டும்.

இவற்றால் ஓர் உண்மை பெறப்படும். குரல்நடிகனுடைய மூலதனம் குரலன்று, செவி. அச்செவிக்கு உணவளிப்பது அவனுடைய நாளாந்தத் தொழிலும் வாழ்க்கையும். பாடசாலையில் ஆசிரியர் செவிகொள்ளும் பெற்றோர் முறையீடும், கச்சேரியில் எழுதுவினைஞர் கேட்கும் விண்ணப்பக்காரர் மன்றாட்டும், சந்தையிற் பேரம்பேசும் குரலும், வைத்தியசாலை வாயிலிற் கேட்கும் தாழ்ந்த குரலும் ஒலிப்பதிவு அறைக்குள்ளே கிடைப்பன அல்ல. ஆதலின் உபதொழிலாகத் தொடங்குவோர் தம் முதற்றொழிலைத் தடையெனக் கருதவேண்டுவதில்லை. வருவாய் நிலைபெறாத ஒரு கலைக்காக நிலைத்த வேலையை அவசரப்பட்டுக் கைவிடுதல் வாழ்க்கைக்குந் தீது, கலைக்குந் தீது.

இனி, தொடங்குவோன் செய்யவேண்டுவன எவை என ஆராய்வாம்.

முதற்கண் வேண்டப்படுவது கேட்டற் பயிற்சி. வானொலி நாடகத்தையோ ஒலிநூலையோ ஒருமுறை கதைக்காகவும், மறுமுறை குரலுக்காகவும் கேட்டல் வேண்டும். பேசுபவர் எங்கே மூச்சு வாங்கினார், எச்சொல்லில் விரைந்தார், எவ்விடத்து மௌனம் காத்தார் என்பன இரண்டாம் முறையே விளங்கும். அயலாரின் பேச்சையும் அவ்வாறே கவனித்துச் சிறு குறிப்பேட்டில் எழுதிவைத்தல் நன்று. கோபத்தில் ஒருவர் குரல் உயரும். இன்னொருவர் குரலோ தாழ்ந்து சொற்கள் இடைவெளி பெறும். கோபமென்றால் உரத்துக் கத்துதல் என்று எண்ணிக்கொண்டிருப்பவன் இவ்விரண்டாமவரைக் கண்டபின் திருந்துவான்.

இரண்டாவது, வாய்விட்டு வாசித்தல். நாள்தோறும் கால் மணி நேரமாயினும் செய்தி, சிறுகதை, உரையாடல், விளம்பரம் எனப் பல்வகைப் பகுதிகளை வாசித்துப் பழகுதல் வேண்டும். ல, ள, ழ என்பனவும், ர, ற என்பனவும், ண, ன என்பனவும் தம்முள் மயங்கலாகா. வாலை, வாளை, வாழை என்பவற்றையும், அரம், அறம் என்பவற்றையும் கேட்போன் எழுத்தைக் காணாமலே வேறுபடுத்தி அறிதல் வேண்டும். நாவலர் நிறுத்தக் குறிகளைத் தமிழ் வசனத்திற் பரவச் செய்தமை வாசிப்போர்க்குப் பெருநன்மை பயந்தது. ஆயினும் அச்சிட்ட குறிகள் மாத்திரம் போதா. வாசிப்போன் தன் பிரதியிலே மூச்சு வாங்குமிடத்துக்கு ஒரு கோடும், நீண்ட நிறுத்தத்துக்கு இரு கோடும், அழுத்தஞ் செய்யவேண்டிய சொல்லுக்குக் கீழ்க்கோடும் பென்சிலால் இட்டுக்கொள்ளுதல் உதவியாகும்.

அழுத்தத்தின் ஆற்றலை ஒரு வாக்கியத்தால் விளக்கலாம். 'நான் அவனுக்குப் பணம் கொடுக்கவில்லை' என்பதில் 'நான்' என்பதை அழுத்தின், வேறொருவர் கொடுத்தார் என்பது குறிப்பு. 'அவனுக்கு' என்பதை அழுத்தின், பெற்றவன் மற்றொருவன். 'பணம்' என்பதை அழுத்தின், கொடுத்தது வேறு பொருள். 'கொடுக்கவில்லை' என்பதை அழுத்தின், குற்றச்சாட்டை முழுவதும் மறுத்தல். பிரிநிலையும் தேற்றமும் காட்டுதற்கு எழுத்திலே ஏகாரம் வேண்டப்படும். பேச்சிலே அவ்வேகாரத்தின் தொழிலைக் குரலே செய்துவிடும். எனவே ஒரு வாக்கியத்தை வாசிக்குமுன், அதைச் சொல்பவன் யார், யாருக்குச் சொல்கின்றான், எதைப் பெறுதற்காகச் சொல்கின்றான் என்னும் மூன்றையும் துணிந்துகொள்ளல் வேண்டும். இம்மூன்றும் தெளிவாயின் சாதாரணக் குரலும் நடிப்பாகும். இவை தெளியாவிடின் வெண்கலக் குரலும் வெற்றோசையாகும்.

மூன்றாவது, உடம்பின் பயிற்சி. முகங்காட்டா நடிப்பென்றமையால் உடம்பு வாளா இருக்கலாம் என்பதன்று. புன்னகை செய்யும்போது இதழ்கள் விரிந்து வாயறையின் வடிவு மாறுதலின் ஒலியும் மாறும். ஆகவே புன்னகையைக் கேட்கவும் இயலும். சுமை தூக்குவோன் பேச்சுக்கு வயிறு இறுகுதல் வேண்டும். ஓடிவந்தவன் பேச்சில் மூச்சு முந்தும், சொல் பிந்தும். பழகிய நடிகர் ஒலிவாங்கியின் முன் நின்றுகொண்டு கையசைத்தும் தலையசைத்தும் பேசுதல் இக்காரணம் பற்றியே. ஆனால் வாய்க்கும் ஒலிவாங்கிக்கும் இடையேயுள்ள தூரம் மாறலாகாது, கடதாசி சலசலக்கலாகாது, வளையலும் கைக்கடிகாரமும் ஒலிக்கலாகா.

இனிக் கருவிகளைப் பற்றிச் சுருங்கச் சொல்லலாம். ஒலிவாங்கி ஒன்று, செவியோடு பொருந்தும் ஒலிக்கருவி ஒன்று, கணினி ஒன்று, ஓசையடங்கிய இடம் ஒன்று ஆகிய நான்கும் தொடக்கத்துக்குப் போதுமானவை. இவற்றுள் அருமையானது நான்காவதே. சீமெந்துச் சுவரும் வெறுந்தரையும் கொண்ட அறையில் எதிரொலி மிகும். உடுப்பு நிறைந்த அலுமாரியைத் திறந்துவைத்து அதன் முன் நின்று பேசினால், துணிகள் எதிரொலியை உட்கொள்ளும். மெத்தையும் கம்பளிப் போர்வையும் அவ்வாறே உதவும். மின்விசிறியை நிறுத்திவிடுதல் வேண்டும். காகமும் வாகனமும் ஒலிபெருக்கியும் அடங்கும் இரவு வேளை, பகலில் உத்தியோகம் பார்ப்போனுக்கு வாய்ப்பாகவும் அமையும். ஒலிவாங்கியினின்று ஏறத்தாழ ஒரு சாண் தூரத்தில் நின்று, வாய்க்காற்று நேரே பாயாதவாறு சிறிது சாய்த்துப் பேசினால், பகரம் போன்ற ஒலிகள் வெடித்துக் கேளா. பதிந்ததைத் திருத்துதற்கு ஓடாசிட்டி போன்ற விலையில்லா மென்பொருள்கள் உள. ஒலிநூல் வெளியிடும் ஏ. சி. எக்ஸ். என்னும் அமெரிக்க நிலையம், ஒலியின் உச்சம் −3 டெசிபெலுக்கு மேற்படாமலும், சராசரி −23 க்கும் −18 க்கும் இடையிலும், பின்னணி இரைச்சல் −60 டெசிபெலுக்கு மேற்படாமலும் இருத்தல் வேண்டுமென விதித்துள்ளது. எம்மொழியிற் பதிவோர்க்கும் இவ்வளவுகள் நல்ல வழிகாட்டிகளாகும். விலையுயர்ந்த கருவியை முதலில் வாங்கிப் பயிற்சியைப் பின்னர் தேடுதல் முறையன்று.

குரல்நடிப்பின் கிளைகள் பல. விளம்பரத்துக்கு முப்பது விநாடியுள் ஒரு கருத்தை நிலைநாட்டும் சுருக்கம் வேண்டும். விவரணப் படத்துக்குக் காட்சியை முந்தாத அடக்கம் வேண்டும். ஒலிநூலுக்கு நெடும்பொழுது ஒரே தன்மையைப் பேணும் பொறுமை வேண்டும். ஒரு மணி நேர ஒலிநூலை முடித்தற்கு இரண்டு மணி நேரத்துக்குக் குறையாத வாசிப்பும், அதன்மேல் திருத்த வேலையும் தேவைப்படுதல் வழக்கம். ஆங்கிலத்துக்குக் கூறப்படும் நிமிடத்துக்கு 150 சொற்கள் என்னும் கணக்கு தமிழுக்குப் பொருந்தாது. உருபும் இடைநிலையும் விகுதியும் ஒட்டி நிற்றலின் தமிழ்ச்சொல் நீளமுடையது. ஆகவே பக்கங்களை எண்ணாமல், தானே வாசித்து நேரத்தை அளந்து கூலி பேசுதல் தகும்.

பிறமொழிப் படத்துக்குத் தமிழிற் குரல்கொடுத்தலோ தனித்த நுட்பம் வாய்ந்தது. ஏ. வி. எம். நிறுவனம் கன்னடத்தில் எடுத்த 'ஹரிச்சந்திரா' 1944 இல் தமிழ்க்குரலுடன் வெளிவந்தது. இந்தியாவில் இவ்வாறு மொழிமாற்றஞ் செய்யப்பட்ட முதற்படமாக அது மதிக்கப்படுகின்றது. திரையில் தோன்றுவோர் இதழ்கள் பொருந்துமிடத்துத் தமிழிலும் இதழ் பொருந்தும் பகர மகரங்கள் வருதல் சிறப்பு. திறந்த வாயில் அகர ஆகாரங்கள் வருதல் வேண்டும். ஆங்கிலத்தில் வினைச்சொல் வாக்கியத்தின் முற்பகுதியிலும், தமிழில் இறுதியிலும் வருதலின், திரையில் உள்ளவர் கைநீட்டும் கணமும் தமிழ்ச்சொல் அழுத்தம் பெறும் கணமும் மாறுபடும். இவ்விடர்ப்பாட்டை வசனகர்த்தாவும் குரல்நடிகரும் கூடியே தீர்த்தல் வேண்டும். இருமொழியும் இலக்கணமும் கற்ற ஆசிரியர்க்கு இத்துறையில் இடமுண்டு என்பது சொல்லாமலே அமையும்.

முதல் வேலையை எங்குத் தேடுவது? பொருள் தரும் வேலைக்கு முன், பயன் தரும் வேலை ஒன்று உளது. பார்வையற்ற மாணவருக்குப் பாடநூல்களையும் இலக்கியங்களையும் வாசித்துப் பதிந்து கொடுத்தலே அது. அச்சுநூலைப் படிக்கவியலாதோர்க்கு நூல்கள் கிடைத்தற்பொருட்டு 2013 இல் ஏற்பட்ட மராக்கேஷ் உடன்படிக்கையில் இலங்கையும் 2016 இல் இணைந்தது. ஆயினும் உடன்படிக்கை தானாக வாசிக்காது. வாசிப்பதற்கு ஒருவர் வேண்டும். வரைபடத்தையும் அட்டவணையையும் சொற்களால் விளக்கி, புள்ளிகளையும் பக்க எண்களையும் தவறாது சொல்லி, இருநூறு பக்க நூலொன்றை முடித்தவன் பெறும் பயிற்சியை எந்தப் பயிற்சி வகுப்பும் எளிதில் தராது. கேட்கும் மாணவன் பரீட்சை எழுதுபவன். ஓரிடத்து ஆண்டைத் தவறாகச் சொல்லின் அத்தவறு அவன் விடைத்தாளிலும் ஏறும். குரலுக்குப் பொறுப்பும் உண்டென்பதை இதனினும் தெளிவாகக் கற்பிப்பது வேறில்லை.

பின்னர், ஒரு நிமிடம் அல்லது ஒன்றரை நிமிடத்துள் அடங்கும் குரல்மாதிரி ஒன்றை ஆக்கிக்கொள்ளலாம். செய்தி, கதை, உரையாடல், விளம்பரம் என மூன்று நான்கு துண்டுகள் போதும். தனக்கு மிகப் பொருந்துவது முதலில் வருதல் வேண்டும். தெரிவு செய்வோர் பலர் முதற் சில விநாடிகளிலேயே முடிவு கட்டுவர். எட்டுக் குரல்களைப் போலிசெய்து காட்டுவதிலும் தன் குரலில் ஒன்றை உண்மையாகச் சொல்வது மேலானது. யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, மலையகம் என ஒவ்வோரிடத்துப் பேச்சுக்கும் தனி இசையுண்டு. தான் பிறந்த ஊர்ப்பேச்சைக் குறைபாடெனக் கருதி மறைப்பவன் தன் சிறந்த கருவியை எறிந்துவிடுபவனாவான். பொதுநடையும் ஊர்நடையும் இரண்டும் கைவரப்பெற்று, இடமறிந்து வழங்குபவனே தேடப்படுவான்.

குரலைப் பேணுதலும் தொழிலின் பகுதியே. குரல்நாண்கள் ஆண்மக்களிடத்து விநாடிக்கு நூறு முறைக்கு மேலும், பெண்மக்களிடத்து இருநூறு முறையளவிலும் அதிர்வன. பகல் முழுதும் வகுப்பறையிற் பேசும் ஆசிரியர் குரல்நோய்க்கு எளிதில் ஆளாவோருள் முன்னிற்பவர். அவர் இரவிலும் பதிவுசெய்ய விரும்பின், வகுப்பிற் கத்துதலைக் குறைத்தல், அடிக்கடி நீரருந்துதல், தொண்டையைச் செருமுதலை விடுதல் ஆகியன வேண்டும். தடிமனோடு பதிவு செய்தலாகாது. கரகரப்பு மூன்று வாரத்துக்கு மேல் நீடிக்குமாயின் வைத்தியரிடங் காட்டுதல் அவசியம். வகுப்பறைக் குரலைப் பணயம் வைத்து உபதொழில் நடத்துதல், விதைநெல்லைக் குற்றி உண்பதை ஒக்கும்.

ஈற்றில், உரிமை பற்றிய செய்தி ஒன்று எஞ்சியுள்ளது. முன்னாளில் ஒருவர் ஒரு நாடகத்துக்குக் கொடுத்த குரல் அந்நாடகத்தளவில் அமைந்தது. இக்காலத்திலோ ஒருவர் குரலைச் சிறிதளவு பெற்றுக்கொண்ட இயந்திரம், அவர் ஒருபோதுஞ் சொல்லாதவற்றையும் அவர் குரலிற் சொல்ல வல்லதாகியுள்ளது. வீடியோ விளையாட்டுக்களிற் குரல்கொடுக்கும் அமெரிக்க நடிகர்கள் 2024 ஜூலையில் வேலைநிறுத்தஞ் செய்து 2025 வரை அதனை நீடித்தமைக்கு இதுவே முதன்மைக் காரணம். அந்நாட்டு டெனசி மாநிலம் 2024 இல் இயற்றிய சட்டமொன்று குரலையும் ஒருவருக்குரிய உடைமையாகக் காக்கின்றது. இலங்கையில் 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் ஆற்றுவோர் உரிமைகளை ஏற்றுக்கொண்டுள்ளது. ஆயினும் கையொப்பமிட்டு விட்டுக்கொடுத்ததைப் பின்னர் மீட்டல் அரிது. எனவே தொடங்குவோன், தன் குரல் எவ்வேலைக்கு, எவ்வூடகத்தில், எத்தனை காலத்துக்கு, எந்நாடுகளில் வழங்கப்படும் என்பதையும், இயந்திரக் குரலாக்கத்துக்கு அது பயன்படுத்தப்படலாகாது என்பதையும் எழுத்திற் பெறுதல் வேண்டும். வேலை தருவதாகக் கூறி முன்பணங் கேட்போரிடத்து விலகி நிற்றல் வேண்டும். அரசாங்க சேவையில் உள்ளோர் ஊதியம் பெறும் வெளிவேலைக்குத் தம் மேலதிகாரிகளின் அனுமதியை முன்னரே பெற்றுக்கொள்ளுதல் முறை.

இயந்திரம் இத்தொழிலை முற்றாக விழுங்கிவிடுமோ என அஞ்சுவோரும் உளர். தொலைபேசி அறிவித்தலும் எளிய விளம்பரமும் அதன் வசமாதல் கூடும். ஆனால் இயந்திரம் தான் உண்ட குரல்களையே திருப்பித் தரும். வலையிலே குறைவாகக் கிடைக்கும் ஊர்ப்பேச்சுக்களை அது நன்கு அறியாது; அறியாதவற்றைப் பொதுநடையினுள் கரைத்துவிடும். வரணியிலும் வாகரையிலும் அட்டனிலும் பேசப்படும் தமிழ் ஒலிப்பதிவிலும் வாழவேண்டுமாயின், அவ்வவ்வூரில் தொழில் செய்து, அவ்வவ்வூர் மக்களோடு பேசி வாழ்வோரே அதனைப் பதிதல் வேண்டும். இதனாலும் உபதொழிலாகக் குரல்நடிப்பை மேற்கொள்வோர் இக்கலைக்கு இன்றியமையாதவர் என்பது பெறப்படும்.

விதானையாரின் குரலைக் காரியாதிகாரி ஒருவர் கேட்டு எழுதினார். கல்விமான் ஒருவர் பேசினார். இருவரும் குரலினால் வயிறு வளர்த்தவரல்லர். எனினும் அவர் பணியை நாடறிந்தது. இன்று கல்லூரிகளில் நாடக மன்றங்களும் தமிழ் மன்றங்களும் உள. ஆண்டுக்கொருமுறை மேடையேறுவதோடு அமையாது, மாதத்துக்கு ஒரு நாடகத்தையேனும் ஒரு பாடநூற் பகுதியையேனும் மாணவரைக்கொண்டு பதிவுசெய்து, அதனைப் பார்வையற்ற மாணவர்க்கும் அயற் பாடசாலைகளுக்கும் அவை வழங்குமாயின், அது நன்முயற்சியாகும். அதற்கு வேண்டியவை ஒரு சிறிய ஒலிவாங்கி, உடுப்பு நிறைந்த ஓர் அலுமாரி, கேட்கப் பழகிய செவி ஆகிய இவையே. முதலிரண்டையும் கல்லூரி தேடித் தரலாம். மூன்றாவதை மாணவர் தாமே வீதியிலும் வீட்டிலும் தேடிக்கொள்ளல் வேண்டும்.